தயிரும் பழமும் சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் கல்லாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டை இல்லத்தரசி:

அனைவருக்கும் வணக்கம். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து, பள்ளி விடுமுறையில் இருக்கும் என் பிள்ளைகள் இருவரும் பிற்பகல் ஆனால் ஐஸ் வண்டியின் மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். மூத்தவனுக்கு 9 வயது, இளையவளுக்கு 3 வயது. வண்டியில் விற்கும் குச்சி ஐஸில் எந்தத் தண்ணீரைச் சேர்க்கிறார்களோ என்ற கவலை எனக்கு இருப்பதால், வீட்டுத் தயிரையும் பருவத்துப் பழங்களையும் சேர்த்து அதே போன்ற ஒன்றை நானே செய்து கொடுக்கலாம் என்று முயன்று வருகிறேன்.

வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்தான். நீல நிற பாக்கெட் பாலில் உறை ஊற்றிய தயிருடன் மாம்பழம், சர்க்கரை ஆகியவற்றை மிக்ஸியில் அடித்து, குல்ஃபி அச்சில் ஊற்றி இரவு முழுவதும் வைத்தேன். காலையில் எடுத்தால் பல்லால் கடிக்க முடியாத கல்லாக இருந்தது. நாக்கில் வைத்தபோது பழச்சுவை முதலில் கரைந்துபோய், புளித்த பனிக்கட்டி மட்டும் எஞ்சியது. அன்னாசிப்பழம் போட்டுச் செய்ததோ மறுநாள் இலேசாகக் கசந்தது. பழம் கெட்டிருக்குமோ என்று பார்த்தால், அதே பழத்தின் மீதித் துண்டுகள் நன்றாகவே இருந்தன.

எந்தப் பழங்கள் இதற்குப் பொருந்தும், மிருதுவாக உறைய என்ன செய்ய வேண்டும், கெட்டியாவதற்குக் கடல்பாசி (அகர் அகர்) சேர்க்கலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போய் வருவதால், இளகியதை மீண்டும் உறைய வைக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

மாதவரம் பால்பண்ணைவாசி:

சகோதரிக்கு வணக்கம். பால் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே, அது தண்ணீர். நீல பாக்கெட் பாலில் கொழுப்பு 3 விழுக்காடும், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் 100 கிராம் பாலில் 88 கிராமுக்கு மேல் தண்ணீர்தான் இருக்கிறது என்றாகிறது. தயிரானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அதனுடன் மாம்பழச் சாற்றில் உள்ள தண்ணீரும் சேர்ந்து, அசைவில்லாமல் மெதுவாக உறையும்போது, நீர் தனியே ஒதுங்கிப் பெரிய ஊசிகளாகப் படிகிறது. சர்க்கரையும் பழச்சாறும் அந்த ஊசிகளுக்கு நடுவே உறையாத பாகாக நின்றுவிடுகின்றன. கடிக்கும்போது அந்தப் பாகு முதலில் நாக்குக்கு வந்துவிடுவதால்தான் பிறகு வெறும் பனிக்கட்டி எஞ்சுகிறது.

ஆகவே முதலில் தயிரிலுள்ள தண்ணீரைக் குறையுங்கள். ஆரஞ்சு நிற பாக்கெட் பாலில் கொழுப்பு 6 விழுக்காடும் ஏனைய திடப்பொருள் 9 விழுக்காடும் இருக்கும் என்பதால் அதில் உறை ஊற்றுவது நல்லது. இந்த மாதத்து வெயிலில் நான்கைந்து மணி நேரத்திலேயே தயிர் தோய்ந்துவிடும்; தோய்ந்த உடனேயே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் புளிப்பு ஏறாது. நன்றாகக் குளிர்ந்த பிறகு, துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து ஃப்ரிட்ஜுக்குள்ளேயே நான்கைந்து மணி நேரம் விடுங்கள். வெளியே கொக்கியில் தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும். இளம்பச்சை நிறத்தில் வடியும் நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையப் பயன்படும். துணியில் எஞ்சுவது ஏறக்குறைய பாதி அளவாகக் குறைந்து, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, சர்க்கரையைக் கவனியுங்கள். பலர் அதை இனிப்புக்காக மட்டுமே சேர்ப்பதாக நினைக்கிறார்கள். நீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குவதும் அதுதான் என்பதால், சர்க்கரையை மிகவும் குறைத்தால் கல்லாகிவிடும். அளவு மீறிப் போட்டாலோ, உங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் அவ்வளவு குளிர்ச்சி தராததால் உறையவே உறையாது. அரை கிலோ வடித்த தயிருக்கு 100 கிராம் என்று தொடங்கி, பழத்தின் இனிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பொருளில் இனிப்பு மட்டாகத்தான் நாக்குக்குத் தெரியும். ஆகவே கலவையை ருசி பார்க்கும்போது சற்றுத் தூக்கலாக இருப்பதே சரி. இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கலந்தால் மீதமுள்ள தண்ணீரையும் அது ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

அன்னாசி கசந்ததற்குப் பழம் கெட்டது காரணமன்று. அதிலுள்ள புரோமிலைன் என்னும் நொதி பாலின் புரதத்தை உடைத்துவிடுவதால் கசப்பு உண்டாகிறது. குளிரில் அதன் வேகம் குறையுமே தவிர அது அழிவதில்லை. துண்டுகளைச் சர்க்கரையுடன் சில நிமிடங்கள் கொதிக்க வைத்து, முழுவதும் ஆறிய பின் தயிரில் சேர்த்தால் கசப்பு வராது.

பெரம்பூர் பாட்டி:

மாதவரத்து ஐயா தயிரைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். தயிரை எவ்வளவு வடித்தாலும் தண்ணீர்ப் பழத்தை அடித்து ஊற்றினால் பழைய கதைதான் என்பதால், பழங்களைப் பற்றி நான் சொல்கிறேன், மகளே.

தர்பூசணியையும் கிர்ணிப் பழத்தையும் தயிரோடு கலக்க வேண்டாம். இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். தர்பூசணி கொடுக்க வேண்டுமானால் விதை நீக்கி, துண்டாக நறுக்கி, தயிர் இல்லாமல் தனியாக உறைய வைத்து, எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் தூவிக் கொடுங்கள்; அதுவே போதுமான தின்பண்டம். தயிருக்கு ஏற்றவை சதைப்பற்றுள்ள பழங்களே. என் கணிப்பில் முதலிடம் சப்போட்டாவுக்குத்தான். மாம்பழத்தின் பேரால் அதை யாரும் மதிப்பதில்லை. நன்கு கனிந்த சப்போட்டாவைத் தோலும் விதையும் நீக்கி மசித்துச் சேர்த்தால், சர்க்கரையில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழமும் அப்படித்தான். உறைந்த பிறகும் அதன் குழைவு போவதில்லை.

மாம்பழத்தை விடவே மனமில்லை என்றால், நாரில்லாத பங்கனபள்ளியாகப் பார்த்து வாங்கி, கூழாக்கி, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்கும் பதத்தில் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, தயிரில் முழுவதும் கலக்காமல் இரண்டு சுற்று மட்டும் சுற்றி விடுங்கள். மஞ்சளும் வெள்ளையுமாக வரி வரியாக உறையும்போது பிள்ளைகளுக்குப் பார்க்கவும் பிடிக்கும்.

அச்சில் ஊற்றுவதைவிட, உன் ஃப்ரிட்ஜுக்குத் தட்டுதான் சரி. எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பரை விரித்து, வடித்த தயிர்க் கலவையை அரை விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே பொடியாக நறுக்கிய சப்போட்டா, மாதுளை முத்து, உடைத்த முந்திரி ஆகியவற்றைத் தூவி இலேசாக அழுத்திவிடு. மெல்லிய பரப்பு என்பதால் விரைவில் உறையும். விரைவில் உறைந்தால் ஊசி ஊசியாகப் பனி படிய நேரமிருக்காது. உறைந்த பின் தாளோடு தூக்கி, கடலை மிட்டாயை உடைப்பதுபோல் கையாலேயே துண்டு துண்டாக உடைத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். மூடி கட்டாயம் இருக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ஃப்ரீசரைத் திறந்தால் முதலில் தெரிவது காசிமேட்டு வஞ்சிரமோ இறாலோதான்; தயிரிலுள்ள கொழுப்பு அந்த வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். மீனை இறுகக் கட்டிக் கீழேயும் இந்த டப்பாவை மேலேயும் வைப்பதே முறை.

சின்னவளுக்கு 3 வயதுதான் என்கிறாய். உறைந்த திராட்சையை முழுதாக அவள் கையில் கொடுத்துவிடாதே. வழுவழுப்பும் உருண்டை வடிவமும் சேர்ந்து தொண்டையை அடைத்துவிடும். உறைந்து கெட்டியானால் ஆபத்து இன்னும் அதிகம். 5 வயது வரையிலும் விதையில்லாத் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். அவளுக்குச் செய்யும் தட்டில் முந்திரியையும் உடைத்துப் போடாமல் பொடித்துத் தூவு. அக்கம்பக்கத்துக் கைக்குழந்தை யாராவது வந்தால், தேன் சேர்த்துச் செய்ததை ஒரு வயது நிறையும் வரை நாக்கில்கூட வைக்கக் கூடாது.

ராயபுரம் குடித்தனக்காரர்:

பெரியவர்கள் சொன்ன அனைத்தும் சரி என்றாலும், தயிர் வடிக்கும் வேலைக்கு எல்லோருக்கும் பொறுமை இருக்காது என்பதால் கண்டென்ஸ்டு மில்க் கலப்பதையே நான் பரிந்துரைப்பேன். வடிக்காத தயிருடன் அதைச் சேர்த்து உறைய வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து ஓரங்களைச் சுரண்டி முள்கரண்டியால் அடித்து மீண்டும் உள்ளே வைத்தால், மூன்றாவது முறைக்குள் ஐஸ்கிரீமுக்கு அருகில் வந்துவிடுகிறது.

மின்சாரம் நிலையில்லாத தெருக்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சௌகார்பேட்டையில் குல்ஃபி விற்பவர்கள் பானைக்குள் ஐஸும் உப்பும் போட்டு அச்சுகளைப் புதைத்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கும் கல் உப்பு ஒரு பங்கும் எடை போட்டுக் கலந்தால், அந்தக் கலவையின் குளிர்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி அளவுக்கு இறங்கும். உப்பினால் ஐஸ் வேகமாக உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது அச்சிலிருந்தும் இழுத்துக்கொள்கிறது. தெர்மாகோல் பெட்டியில் இப்படிச் செய்தால் ஒற்றைக் கதவு ஃப்ரீசரைவிட விரைவாகவே உறைகிறது. அச்சின் மூடியைச் சுற்றி மைதா மாவைப் பிசைந்து ஒட்டிவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே புகாது.

ஆனால் அந்த ஐஸை எங்கே வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். காசிமேடு பக்கம் மீனுக்காகக் கிடைக்கும் பெரிய ஐஸ் பார் மலிவு என்றாலும், அது உண்பதற்கென்று தயாரிக்கப்படுவதன்று. உண்ணத் தகாத ஐஸை மக்கள் பார்த்தவுடன் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, அதில் நீல நிறம் சேர்க்குமாறு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் அறிவுறுத்தியது. நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் வாயில் வைக்கும் அச்சைச் சுற்றி அதைப் போட வேண்டாம். வீட்டுக் குடிநீரில் உறைய வைத்த ஐஸே போதும்.

கொருக்குப்பேட்டை இல்லத்தரசி:

மூவருக்கும் மிக்க நன்றி. பாட்டியம்மா சொன்னபடி சப்போட்டா தட்டைத்தான் முதலில் செய்யப் போகிறேன். மூத்தவன் இப்போதே துணி முடிச்சிலிருந்து சொட்டுவதை எண்ணிக்கொண்டிருக்கிறான். கடல்பாசியைப் பற்றியும், இளகியதை மீண்டும் உறைய வைப்பதைப் பற்றியும் ஐயா ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. சளி பிடிக்கும் என்று மாமியார் தடுக்கிறார்; அது சரியா என்பதையும் சொன்னால் அவரிடம் சொல்லிக்கொள்வேன்.

மாதவரம் பால்பண்ணைவாசி:

கடல்பாசி இதற்கு உதவாது. ரம்ஜான் மாதத்தில் செய்வதுபோல் ஃப்ரிட்ஜில் குளிரவைத்துச் சாப்பிடும்போது அழகாக நிற்கும் அது, உறைந்து இளகினால் தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கக்கிவிடும். பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் தொழிலிலேயே, உறைய வைத்து இளகவிட்டுத் தண்ணீரை நீக்குவது பழைய முறை. அதற்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி சோள மாவை அரை டம்ளர் பாலில் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்துத் தயிரில் கலக்கலாம். ராயபுரத்து நண்பர் சொன்ன கண்டென்ஸ்டு மில்க் முறையும் தவறில்லை. பாலின் திடப்பொருளும் சர்க்கரையும் அதில் சேர்ந்தே வருவதால் வேறு சர்க்கரை போடக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு அந்த இனிப்பு திகட்டும்.

மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்க்காமல் இருப்பதே நல்லது. திரும்பி வந்த பிறகு, துண்டுகளுக்குள் இன்னும் பனி நிற்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால் அப்படியே உறையவிடலாம். பதம் சற்று நொறுநொறுப்பாகும், வேறு கெடுதல் இல்லை. முழுவதும் இளகியிருந்து குளிர்ச்சி மட்டும் குறையாமல் இருந்தால், மிக்ஸியில் ஒரு சுற்று அடித்து லஸ்ஸியாக அப்போதே குடித்துவிடுங்கள். குளிர்ச்சியும் போய் அறைச் சூட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகியிருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். உறைய வைப்பதால் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, வளராமல் நிற்கின்றன. இளகியதும் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும்.

சளி வைரஸால் வருவது, குளிர்ந்த தயிரால் அன்று. ஏற்கெனவே இருமலோ தொண்டை வலியோ இருக்கும் நாட்களில் மட்டும் கொடுக்காமல் இருந்தால், மாமியாரின் பேச்சுக்கும் மரியாதை கொடுத்ததாகும்.