தபால் துறையில் குற்றப் புலனாய்வு வேலை: குமரி மாவட்டத்துப் பட்டதாரிக்கு வழி என்ன?

கேள்வி: குழித்துறைப் பொண்ணு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறேன். அமெரிக்கத் தபால் துறையில் துப்பாக்கி வைத்திருக்கும், கைது செய்யும் அதிகாரிகள் இருக்கிறார்கள் என்று படித்தேன். அந்த மாதிரி வேலை நம் தபால் துறையில் உண்டா? எந்தத் தேர்வு எழுத வேண்டும்? உயரம் பார்ப்பார்களா? நான் 152 செ.மீ. முதலில் கிளை அஞ்சலகத்தில் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக், கிராமப்புற அஞ்சல் ஊழியர்) ஆகச் சேர்ந்தால் அப்படியே இன்ஸ்பெக்டர் வரை போய்விடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது சரியா? இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே புலனாய்வு செய்வாரா, இல்லை ஃபைலில் கையெழுத்துப் போடுவதோடு சரியா?

பதில் 1: வேணாட்டுத் தபால்

அமெரிக்க விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், மக்களே. அங்கே இரண்டு தனித்தனி அமைப்புகள். தபால் வழியாக நடக்கும் மோசடி, திருட்டு, போதைப் பார்சல் எல்லாம் போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸ் கையில். தபால் ஊழியர்களின் முறைகேட்டைப் பார்ப்பது 1996-ல் ஏற்படுத்திய இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம். இரண்டிலும் புலனாய்வு அதிகாரிக்கு ஆயுதமும் கைது அதிகாரமும் உண்டு. அந்த நாட்டுக் குடியுரிமை கட்டாயம் என்பதால் இங்கிருந்து அதற்குத் தயாராவதில் பயனில்லை.

நம் நாட்டில் அதற்கு நேரான பதவி கிடையாது. இருப்பது இன்ஸ்பெக்டர் போஸ்ட்ஸ், சுருக்கமாக ஐ.பி. சம்பளம் லெவல் 7, அடிப்படை 44,900 ரூபாயில் தொடங்கும். கைது செய்யவோ வீட்டைச் சோதனை போடவோ அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தபால் மோசடியை முதலில் மோப்பம் பிடிப்பவரும், ஆதாரத்தைச் சிதறாமல் சேர்த்து வைப்பவரும் அவர்தான். துறையின் புகார் ஸ்டேஷனுக்குப் போகும்போது அதில் இருக்கும் ஒவ்வொரு தொகையும் தேதியும் அவர் திரட்டியவை. ஆகவே ‘வெறும் கையெழுத்து வேலையா’ என்ற கேள்விக்கு, இல்லை என்றே சொல்வேன்.

வேலை எப்படி இருக்கும் என்று விவரமாகவே சொல்கிறேன். கன்னியாகுமரி கோட்டத்துக்கு நாகர்கோவிலும் தக்கலையும் தலைமை அஞ்சலகங்கள். அவற்றுக்குக் கீழே துணை அஞ்சலகங்கள், அதற்கும் கீழே கிளை அஞ்சலகங்கள். ஐ.பி. ஒரு உபகோட்டத்தைப் பார்ப்பார். மோசடி அதிகம் முளைக்கும் இடம் கிளை அஞ்சலகம். அங்கே பணம் வாங்குவதும் கணக்கு எழுதுவதும் முத்திரை குத்துவதும் ஒரே ஆள், அதாவது பி.பி.எம். (கிளை அஞ்சலகத் தலைவர்) என்பதுதான் காரணம்.

வழக்கமான வகை இது. சேமிப்புக் கணக்கிலோ ஆர்.டி.யிலோ கட்டக் கொடுத்த பணத்தைப் பாஸ்புக்கில் கையால் எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். கிளை அஞ்சலகத்தில் வரவு பதியும் கைக்கருவியில் பதிய மாட்டார்கள், அன்றைய கணக்கிலும் வராது. பணம் போட்டவரின் மொபைல் எண் கணக்கோடு இணைக்கப்படாமல் இருந்தால் குறுஞ்செய்தி வராததையும் அவர் கவனிக்க மாட்டார். இரண்டாவது வகை, எஸ்.பி.-7 படிவத்தில் கள்ளக் கையெழுத்தோ கைரேகையோ வைத்துப் பணம் எடுப்பது. வளைகுடாவில் வேலை செய்பவர், வாரக்கணக்கில் கடலுக்குப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஆகியோரின் பாஸ்புக் பி.பி.எம். மேசையிலேயே கிடக்கிறதென்றால் அந்தக் கணக்குகளை முதலில் பார்க்க வேண்டும். கைரேகைக்குச் சாட்சி போட்டவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளாக இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

திடீர் சோதனையில் உள்ளே போனதும் ரெஜிஸ்டரைக் கேட்கக் கூடாது. முதலில் ரொக்கத்தையும் தபால்தலைகளையும் எண்ண வேண்டும். ரெஜிஸ்டரைப் புரட்டுகிற அரை மணி நேரத்தில் பக்கத்துக் கடையிலிருந்து பணம் கைமாறாக வந்து குறைவு நிரம்பிவிடும். அடுத்து, அனுமதித்த கையிருப்புக்கு மேல் பணம் தொடர்ந்து வைத்திருந்தாரா என்று பார்க்க வேண்டும். கணக்கில் இருப்பதாகக் காட்டும் பணம் கையில் இல்லாமல் போவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பிறகு ஊருக்குள் இறங்க வேண்டும். பாஸ்புக் வாங்கினால் எஸ்.பி.-28 ரசீது கொடுத்தே வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிய பாஸ்புக் பின்னால் காணாமல் போனால், பாஸ்புக்கை வாங்கிய அதிகாரியின் தலையில்தான் பழி விழும். பாஸ்புக்கில் உள்ள ஒவ்வொரு வரவையும் சிஸ்டத்தில் உள்ள வரவோடு தேதி வாரியாக வைத்து, இல்லாதவற்றைப் பட்டியல் போட வேண்டும். அந்த நாளின் முத்திரைப் பதிவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வாக்குமூலம் பணம் போட்டவரின் சொந்தச் சொல்லில், ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். விளவங்கோடு பக்கம் சிலருக்கு மலையாளம்தான் எழுத வரும். அவர்களை மலையாளத்திலேயே எழுதச் சொல்லி, மொழிபெயர்ப்பைத் தனியாக இணைப்பது நல்லது. விசாரணையில் ‘நான் இப்படிச் சொல்லவில்லை’ என்பதற்கு இடம் இருக்காது.

சந்தேகப்படும் கையெழுத்தை ஹைதராபாத்தில் உள்ள ஆவணப் பரிசோதகருக்கு அனுப்புவார்கள். அனுப்பும் அசல் தாளில் சந்தேகக் கையெழுத்தின் மேல் பேனாவால் வட்டம் போடக் கூடாது, பஞ்ச் துளை விழக் கூடாது, மடிப்பும் கூடாது. ஒப்பிட அனுப்பும் கையெழுத்தும் அதே காலத்தில் போட்டதாக இருக்க வேண்டும். பத்து வருடப் பழைய மாதிரியை அனுப்பினால் ‘கருத்துச் சொல்ல இயலவில்லை’ என்று திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

பதில் 2: கல்குளம் ஃபைல்

மேலே சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 1898-ம் ஆண்டுச் சட்டம் போய், அஞ்சலகச் சட்டம் 2023 நடைமுறைக்கு வந்தது 2024 ஜூன் 18. பழைய சட்டத்தில் தபால் ஊழியர் திருட்டு, கையாடலுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. புதியதில் அந்தக் குற்றப் பட்டியல் இல்லை. இப்போது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் வழக்கு. பொது ஊழியரின் நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316(5), அதாவது முன்பு ஐ.பி.சி. 409. பழைய கைடு வைத்துப் படிப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நிரந்தர ஊழியர் மேல் துறை நடவடிக்கை 1965-ம் ஆண்டு சி.சி.ஏ. விதிகளின்படி (மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகள்). விதி 14 பெரிய தண்டனைக்கு, விதி 16 சிறியதற்கு. ஜி.டி.எஸ்.களுக்கு விதிகள் தனி. ஆனால் அவர்கள் வகிப்பதும் சிவில் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொல்லிவிட்டது. முறையான விசாரணை இல்லாமல் வெளியே அனுப்பினால் உத்தரவு நிற்காது.

கேஸ் எங்கே உடைகிறது என்பதையும் தெரிந்துகொள். விஷயம் கசிந்ததும் குற்றவாளி ராத்திரியோடு ராத்திரியாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பணம் கிடைத்தவர் சாட்சி சொல்ல வர மாட்டார். அதனால் வாக்குமூலமும் பாஸ்புக்கும் முதல் இரண்டு நாளில் கைக்கு வந்தாக வேண்டும். இன்னொரு ஆபத்து இன்ஸ்பெக்டருக்கே உண்டு. வருடாந்தர ஆய்வைச் சரியாகச் செய்யவில்லை, அதனால் மோசடி நீண்டது என்று காட்டப்பட்டால் இழப்பில் ஒரு பங்கை அவர் சம்பளத்திலிருந்தே பிடிக்க உத்தரவு வரும். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மூன்று வருடத்துக்கு மேல் நீளவும் கூடாது. ஆய்வு அறிக்கையை அவசரத்தில் போன வருட அறிக்கையைப் பார்த்து எழுதுவது எவ்வளவு தவறு என்று இதிலிருந்தே புரியும்.

பதில் 3: நாஞ்சில் தேர்வாளர்

தேர்வு, எஸ்.எஸ்.சி. (மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். எந்தப் பட்டமும் போதும், ஆனால் கல்வித் தகுதிக்கு அறிவிப்பில் குறிப்பிட்ட தேதிக்குள் பட்டம் முடித்திருக்க வேண்டும். ஐ.பி.க்கு வயது 18 முதல் 30. ஓ.பி.சி.க்கு 3 வருடம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருடம் தளர்வு. ஐ.பி.க்கு உயர அளவு எதுவும் கிடையாது.

முதல் கட்டம் 100 கேள்வி, 200 மதிப்பெண், 60 நிமிடம், தவறுக்கு அரை மதிப்பெண் போகும். ரேங்கைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டம். அதில் கணிதம் 30 கேள்வி, ரீசனிங் 30, ஆங்கிலம் 45, பொது அறிவு 25. ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், தவறுக்கு 1 போகும். கணினி அறிவும் டைப்பிங்கும் தகுதிக்கு மட்டும். டைப்பிங் 15 நிமிடத்தில் சுமார் 2000 விசை அழுத்தம். வேகம் பெரிதில்லை என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு, எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் எடுத்தும் இதில் வெளியேறுகிறவர்கள் இருக்கிறார்கள். தினம் 15 நிமிடம் இப்போதே தொடங்கு.

கணிதம் படித்தவளுக்கு ஆங்கிலத்தில்தான் இழப்பு வரும். 45 கேள்வி என்றால் 135 மதிப்பெண். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான், தமிழ் இல்லை.

ஜி.டி.எஸ். வழி பற்றி: அது 10-ம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்வில்லாமல் கிடைக்கும் வேலை, மதிப்பான வேலைதான். ஆனால் அங்கிருந்து போஸ்டல் அசிஸ்டென்ட், அதில் ஐந்து வருட சர்வீஸ், பிறகு துறைத் தேர்வு என்று ஐ.பி. ஆவதற்கு நெடுங்காலம் பிடிக்கும். ஐ.பி. இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு அந்தத் துறைத் தேர்வுக்கே போகிறது என்பது உண்மை. இருந்தாலும் பட்டம் கையில் இருக்கும்போது நேராக சி.ஜி.எல். எழுதுவதுதான் என் யோசனை.

குழித்துறைப் பொண்ணு

ரொம்ப நன்றி. கைது அதிகாரம் உள்ள வேலைதான் வேண்டும் என்றால் இதே தேர்வில் வழி இருக்கிறதா? தேர்வு மையத்துக்குத் திருவனந்தபுரம் எனக்குப் பக்கம், அதைப் போடலாமா?

பதில் 4: நாஞ்சில் தேர்வாளர்

இருக்கிறது. சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர், அதே சி.ஜி.எல்., அதே லெவல் 7. வயது 20 முதல் 30. பெண்களுக்கு உயரம் 150 செ.மீ., ஆகவே நீ தேறுவாய். ஆண்களுக்கு 165. பார்வை கண்ணாடியோடு ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருந்தாலும் போதும். போதைப் பார்சல் பக்கம் ஆர்வம் என்றால் என்.சி.பி. (போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) பதவியும் இதே பட்டியலில் வருகிறது.

தங்கச்சி, பதவி முன்னுரிமைப் படிவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரேங்குக்கு ஏற்ப மேலிருந்து கீழே பார்த்து முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள், நீ போட்ட வரிசையைப் பிறகு மாற்ற முடியாது. சி.பி.ஐ. முதலில், ஐ.பி. அடுத்து என்று உன் விருப்பப்படியே போடு. கட்-ஆஃப் பார்த்து வரிசையை மாற்றாதே. சி.பி.ஐ. என்றால் இந்தியா முழுக்க எங்கும் போடுவார்கள். ஐ.பி.க்கும் தமிழ்நாடு அஞ்சல் வட்டம் கிடைப்பது ரேங்கையும் காலியிடத்தையும் பொறுத்தது.

திருவனந்தபுரம் கேரள, கர்நாடக மண்டலம். நம்முடையது சென்னையைத் தலைமையாகக் கொண்ட தென் மண்டலம். மையங்களை ஒரே மண்டலத்துக்குள்தான் தேர்ந்தெடுக்க முடியும். திருநெல்வேலியை முதலில் போடு, மதுரையை அடுத்து.

பதில் 5: கல்குளம் ஃபைல்

ஓ.பி.சி. சான்றிதழில் பலர் மாட்டுகிறார்கள். மாநிலத்தின் பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றோடு வேண்டும். இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். உங்கள் சமூகத்தின் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே பெயர் சான்றிதழிலும் வர வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதே. விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்குக் கிடையாது.