செல்வி வளைகாப்பும் போன ஒய் பேஸும்

குழு: பெரியவீடு 🏠

ராஜம் பெரியம்மா: ஹாலிலும் அடுப்படியிலும் கரண்ட் இல்லை. மாடியில் மட்டும் ஃபேன் ஜோராக ஓடுகிறது. ஞாயிறு வளைகாப்பை வைத்துக்கொண்டு இது என்ன சோதனை

கணேஷ்: மாடிக்கு என்றைக்கும் ராஜயோகம்தான் 😄

பிரேமா மதினி: மாடிக்காரர்களும் பில்லில் பாதி கொடுக்கிறோம் கணேஷ்

முருகன் சித்தப்பா: மீட்டர் பெட்டியை யாரும் தொடாதீர்கள். நம் வீட்டுக்கு வருவது மூன்று பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பி; ஒரு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ்; கறுப்பு நியூட்ரல். ஹாலும் அடுப்படியும் மஞ்சளில், அதாவது ஒய் பேஸில். அது மட்டும் போயிருக்கிறது. மாடி நீலத்தில். எதிர்வீட்டில் எரிகிறதா?

செல்வி: அங்கேயும் பாதிதான் சித்தப்பா

முருகன் சித்தப்பா: அப்படியென்றால் கோளாறு வெளியே. டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போயிருக்கும். லைன்மேன்தான் போட வேண்டும்.

ராஜம் பெரியம்மா: சரி தம்பி, மோட்டார்? டேங்கில் கால்வாசிதான் தண்ணீர்

முருகன் சித்தப்பா: போடவே கூடாது. போர் மோட்டாருக்கு மூன்று பேஸும் வேண்டும். இரண்டில் போட்டால் உறுமும், சுற்றாது, காயில் கருகிவிடும். ஸ்டார்ட்டர் தானாக விழுவதே அதைக் காப்பாற்றத்தான்.

ராஜம் பெரியம்மா: அதைத்தான் போன பொங்கலுக்கு ஒருவர் கையால் அமுக்கிப் பிடித்தார். ரீவைண்டிங் காசு நான் கொடுத்தேன்

சங்கர் அண்ணன்: பெரியம்மா அது பழைய கதை

ராஜம் பெரியம்மா: காசு இன்னும் வரவில்லை

கணேஷ்: 🍿

செல்வி: வளையல் யார் வாங்குகிறீர்கள்? பச்சையும் சிவப்பும் கலந்து வேண்டும்

பிரேமா மதினி: நான்

முருகன் சித்தப்பா: ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவே 400. 460 இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை, 120 டிகிரி தள்ளித் தள்ளி வரும். நியூட்ரல் விட்டுப்போனால்தான் ஆபத்து. லோடு குறைந்த பேஸில் 300க்கு மேல்கூட ஏறி டிவி, ஃபிரிட்ஜைத் தீர்த்துவிடும்.

சங்கர் அண்ணன்: சித்தப்பா, ஃபிரிட்ஜில் மாவு புளிக்கிறது. பேஸ் மாற்றும் சுவிட்சை நீலத்துக்குத் திருப்பட்டுமா?

முருகன் சித்தப்பா: திருப்பலாம். ஆனால் கீசரும் ஏசியும் கிரைண்டரும் ஒரே பேஸில் வேண்டாம். கீசர் மட்டுமே ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட. தெருவே நீலத்துக்குத் தாவினால் வோல்டேஜ் படுத்துவிடும்.

கணேஷ்: மூன்று பேஸ் என்றால் பில் குறையுமா?

முருகன் சித்தப்பா: குறையாது. மூன்றிலும் ஓடுவதை மீட்டர் சேர்த்துத்தான் எண்ணும்.

செல்வி: லைன்மேன் நாளைக் காலை வருகிறாராம்

ராஜம் பெரியம்மா: வராவிட்டால்? ஜெனரேட்டர் சொல்லட்டுமா? தண்ணீர் லாரி?

சங்கர் அண்ணன்: பார்க்கலாம்

ராஜம் பெரியம்மா: யார் காசு?

கணேஷ்: மதினி, புளியோதரை உண்டா?

பிரேமா மதினி: உண்டு. அது இருக்கட்டும், மாடியில் லைட் திடீரென்று மங்குகிறது. கீழே ஏசியை யார் போட்டது?

செல்வி: 🙈