வேர்டில் அடுத்த புக்மார்க்குக்கு ஒரே விசையில் செல்ல வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து வருகிறேன். மாடக்குளம், வண்டியூர் முதலிய கண்மாய்களைப் பற்றிய 420 பக்க நூலொன்றை மைக்ரோசாஃப்ட் வேர்டில் திருத்தும்போது, ஆசிரியரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய இடங்களிலெல்லாம் புக்மார்க் (பிறகு திரும்பி வருவதற்காக ஓர் இடத்துக்குப் பெயரிட்டு வைக்கும் அடையாளம்) வைத்ததில், அவை 63 ஆகிவிட்டன.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பெட்டி திறக்கிறது. கன்ட்ரோலுடன் ஜி அழுத்தி, பெயரைக் கொடுத்தும் செல்ல முடிகிறது. (என் மடிக்கணினியில் எஃப்5 வேலை செய்ய எஃப்என் விசையையும் பிடிக்க வேண்டும், நான்கு விரல்களும் நாட்டியமாடுகின்றன.) பெயரில் இடைவெளி விட முடியாததால், ஊர்ப்பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே அடிக்கோடு இட்டிருக்கிறேன். பெட்டியில் பெயர் வரிசைக்குப் பதிலாக இட வரிசையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் பக்க ஒழுங்கில் வந்துவிடுகிறது என்றாலும், ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து, அம்புக்குறியால் இறங்கி, ‘கோ டு’ பொத்தானை அழுத்தி, பிறகு எஸ்கேப் அழுத்தி மூட வேண்டியிருக்கிறது. ஷிஃப்டுடன் எஃப்5 அழுத்தினால் கடைசியாகத் திருத்திய இடங்களுக்குத்தான் போகிறது, புக்மார்க்குக்குப் போவதில்லை.

இருக்கும் இடத்திலிருந்து அடுத்த புக்மார்க்குக்கும் முந்தையதற்கும் தாவும்படி மேக்ரோ (வேர்டுக்குள் ஒரு வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி, அதற்கு விசை ஒதுக்கியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருந்தால், அதன் வரிகளையும் விசை ஒதுக்கும் முறையையும் தமிழில் படிப்படியாக எழுதினால் பேருதவியாக இருக்கும். மேக்ரோ எனக்குப் புதிது.