மறுகட்சிக்காரரோடு ஒரே மேசையில்

கொலம்பஸ், ஒஹாயோ

பக்கத்து வீட்டுப் பெரியவரோடு எங்களுக்குப் பதினோரு வருடப் பழக்கம். நாங்கள் மதுரைக்குப் போனால் எங்கள் தபால்பெட்டியை அவர்தான் காலி செய்து வைப்பார். பனி கொட்டினால் தன் வாசலோடு எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுவார். பொங்கலுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய சர்க்கரைப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போகும். 2020 அக்டோபரில் என் மகள் எங்கள் புல்தரையில் ஜனநாயகக் கட்சியின் பைடன் பலகையை நட்டாள். அவர் வாசலில் குடியரசுக் கட்சியின் ட்ரம்ப் பலகை ஏற்கெனவே இருந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை, பேச்சு மட்டும் நின்றுபோனது. அடுத்த பொங்கலன்று தூக்குச்சட்டியோடு அவர் படிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இன்றும் அது உறுத்துகிறது.

1960-இல் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் பிள்ளை மறுகட்சிக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா? ஆமாம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். 2010-இல் அதே போன்ற கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆமாம் என்றார்கள். கொள்வினை கொடுப்பினை வேண்டாம் என்கிற அளவுக்கு ஒரு பகை முற்றினால், அது வரி எவ்வளவு என்கிற தகராறு இல்லை. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறுபக்கத்தவர் ஒருவரோடு நேரில் பழகி உங்களுக்கு ஏதாவது புரிந்திருந்தால் எழுதுங்கள். டிவி விவாதத்தை இங்கே மறுபடி நடத்த வேண்டாம்.

யங்ஸ்டவுன், ஒஹாயோ

அண்ணா, நான் இந்த ஊரில் டாக்டர். என்னிடம் வருகிறவர்களில் பலர் இரும்பாலைக் குடும்பங்கள். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, இங்கே ஒரு பெரிய ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். ஐயாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். 'கறுப்புத் திங்கள்' என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வெளியூர்க்காரர்கள் இங்கே வந்தால், ஆலை போனதால் கோபம், கோபத்தால் ட்ரம்ப் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஆலை மூடிய பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மஹோனிங் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம், அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியோடுதான் இருந்தது. 1972-க்குப் பிறகு முதல் முறையாக 2020-இல்தான் கை மாறியது. வலி பழையது. அந்த வலிக்கு யார் காரணம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள்தான் மாறினார்கள். முன்பு அதைத் தொழிற்சங்க மண்டபத்தில் பேசினார்கள். முறைத்துக்கொண்டாவது எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். அந்த மண்டபம் தேய்ந்தது. 2019 ஆகஸ்டில் 150 வருடம் நடந்த எங்கள் ஊர்ப் பத்திரிகை 'விண்டிகேட்டர்' மூடப்பட்டது. பெயரை மட்டும் பக்கத்து ஊர்ப் பத்திரிகை வாங்கி ஒரு பதிப்பாக வைத்திருக்கிறது.

ஒரு வயதான நோயாளி என்னிடம் சொன்னார்: "முன்பெல்லாம் விடிந்ததும் பள்ளிக்கூடப் பசங்களின் ஃபுட்பால் ஸ்கோரும் செத்தவர்கள் பட்டியலும் பார்ப்பேன். இப்போது விடிந்ததும் இன்றைக்கு யார் மேல் கோபப்பட வேண்டும் என்று டிவி சொல்லிவிடுகிறது."

என் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ரிமோட்டுக்காகவே இரண்டு முறை கைகலப்பு வரப் பார்த்தது. ஒருவர் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் செய்திச் சேனலைக் கேட்டால் இன்னொருவர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் எம்எஸ்என்பிசி கேட்பார். இரண்டும் ஒரே வருடத்தில், 1996-இல் பிறந்தவை. அதற்கு முன்பே, ஒளிபரப்பில் எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987-இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் ரேடியோ நிகழ்ச்சி நாடு முழுக்கப் போக ஆரம்பித்தது. அந்த விதி கேபிளுக்குப் பொருந்தாது, அதனால் அது இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஊர் தன்னைப் பற்றிப் படிக்க ஒன்றும் இல்லாமல் போனால், வெகுதூரத்துச் சண்டைதான் வீட்டுச் சண்டையாகிறது. இதை என் அறையிலேயே பார்த்தேன். இப்போது சமையல் சேனல் வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டு பேர் பீரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டை மாவில் முட்டை போடலாமா என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிச்சிகன்

தொகுதி எல்லை என்றால் சலிப்பான விஷயம் என்று நானும் பல வருடம் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். ஆனால் டாக்டர் சொன்ன கோபத்துக்குத் தீனி போடுவது அதுதான் என்று நினைக்கிறேன். சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, பல மாநிலங்களில் அதுவே எல்லைக்கோட்டை வரைகிறது. தனக்குத் தோற்காத தொகுதிகளாகப் பார்த்து வெட்டி ஒட்டுகிறது. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி காலத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணி மாதிரி வளைந்து கிடந்ததில்தான் 'ஜெரிமாண்டர்' என்ற பெயரே வந்தது. அப்படி வரைந்துவிட்டால் நவம்பர் தேர்தல் பெயருக்குத்தான். நிஜப் போட்டி பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில். அதற்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் தீவிரமானவர்கள். பிறகு அந்த உறுப்பினர் பயப்படுவது மறுகட்சிக்கு இல்லை, தன் கட்சிக்குள் தன்னைவிட உரக்கக் கத்துகிற இன்னொருவருக்கு. சமரசம் செய்தவர் வீட்டுக்குப் போகிறார். கட்சி லாபத்துக்காக வரைவதைத் தடுப்பது தங்கள் வேலை இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

எங்கள் மாநிலத்தில் மக்களே 2018-இல் ஓட்டுப் போட்டு அந்தப் பேனாவைப் பிடுங்கினார்கள். 2016 தேர்தல் முடிந்ததும் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் போட்ட பதிவில் தொடங்கிய இயக்கம் அது. இப்போது 13 சாதாரண வாக்காளர்கள் வரைகிறார்கள். நாலு பேர் இந்தக் கட்சி, நாலு பேர் அந்தக் கட்சி, ஐந்து பேர் எதிலும் சேராதவர்கள். ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுத்தார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் படித்த குடவோலைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

2021-இல் அவர்கள் நடத்திய கருத்துக்கேட்புக்குப் போனேன். எங்கள் பகுதி ஆசியக் குடும்பங்களைப் பிரித்துவிடாதீர்கள் என்று கேட்பது என் எண்ணம். எனக்கு முன்னால் பேசியவர் ஒரு விவசாயி, தொப்பியைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரியும். அவர் கேட்டதும் கிட்டத்தட்ட அதேதான்: என் டவுன்ஷிப்பை நடுவில் வெட்டாதீர்கள். வெளியே வந்து கார் நிறுத்திய இடத்தில் முக்கால் மணி நேரம் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினோம். யாருக்கு ஓட்டு என்று இருவருமே கேட்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. டெட்ராய்ட் பகுதியில் சில தொகுதிகளை இனத்தைப் பார்த்து வரைந்தது தவறு என்று 2023 டிசம்பரில் நீதிமன்றம் சொல்லி, மறுபடி வரைந்தார்கள். ஆனாலும் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை 2022-இல் ஒரு கட்சிக்குப் போனது, 2024-இல் மற்றதற்குத் திரும்பியது. மக்கள் மனம் மாறினால் ஆட்சி மாறுகிறது என்றால் எல்லைக்கோடு ஓரளவு நேராக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அட்லாண்டா, ஜார்ஜியா

எல்லாரும் நல்லதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இரண்டு பக்கமும் சமமாகத் தப்பு செய்தார்கள் என்ற முடிவுக்கு யாராவது போனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ட்ரம்ப் தோற்ற 2020 தேர்தலின் முடிவை ஏற்காமல், 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலுக்குள் புகுந்தது ஒரு பக்கம்தான். இங்கே ஃபுல்டன் கவுண்டியில் ஓட்டு எண்ணிய ஒரு தாயும் மகளும் மோசடி செய்தார்கள் என்ற பொய்ப் பழிக்கு ஆளாகி, மிரட்டலுக்குப் பயந்து வாழ வேண்டியிருந்தது. அந்தப் பழியைப் பரப்பிய, ட்ரம்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. உண்மை எது என்பதிலேயே ஒத்துப்போகாதவரிடம் என்ன பேசுவது?

சரி, என் அனுபவம். ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரர் ஜார்ஜியாவில் ஓட்டு திருடப்பட்டது என்று உறுதியாக நம்பினார். ஐம்பது லட்சம் சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்களே என்று நான் சொன்னேன். பத்திரிகைகளைக் காட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில், எண்ண வைத்து முடிவை உறுதி செய்தவர் தேர்தலுக்குப் பொறுப்பாக இருந்த மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், உங்கள் கட்சிக்காரர், ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவர் என்றேன். முதல் முறையாக அமைதியானார். மனம் மாறினாரா, தெரியாது. ஆனால் தன் வீட்டு ஆள் சொல்லும்போதுதான் ஒரு மனிதன் காது கொடுக்கிறான். நம் பக்கத்துப் பொய்யை நாமே மறுக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து என் வாட்ஸாப் குழுக்களில் கடைப்பிடிக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டேட்டன், ஒஹாயோ

அட்லாண்டாக்காரர் சொல்வது சரி. என் அனுபவம் ஓட்டுப் போடும் இடத்தில். குடியுரிமை வாங்கிய பிறகு 2022 நவம்பரில் வாக்குச்சாவடி வேலைக்குப் போனேன். காலை ஆறரைக்குக் கதவு திறக்கும், இரவு ஏழரைக்கு மூடும். அதற்கு முன்னும் பின்னும் வேலை. ஒரு கட்சிக்காரர்களே நிறைந்து உட்கார முடியாது, இரண்டு தரப்பும் கலந்துதான் இருக்க வேண்டும். என் ஜோடி ஓய்வுபெற்ற ஒரு லாரி டிரைவரம்மா. கழுத்தில் சிலுவை, பர்ஸில் துப்பாக்கிச் சங்க ஸ்டிக்கர். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவருக்கு, அவருடைய ஆப்பிள் பை பலகாரத்தில் பாதி எனக்கு. ஒரு பையனின் முகவரி பட்டியலில் பொருந்தவில்லை. அவன் எந்தக் கட்சிக்குப் போடுவான் என்று யோசிக்காமல், எப்படியாவது அவன் ஓட்டு வீணாகக் கூடாது என்று இருவரும் கையேட்டைப் புரட்டினோம்.

இங்கே வாக்குச்சீட்டு வைக்கும் அறைக்கு இரண்டு பூட்டு என்று பயிற்சியில் சொன்னார்கள். ஒரு சாவி குடியரசுக் கட்சிக்காரரிடம், இன்னொன்று ஜனநாயகக் கட்சிக்காரரிடம். ஒருவர் வராமல் மற்றவர் திறக்க முடியாது. பண்பாகப் பேசுங்கள் என்று எத்தனை புத்திமதி சொன்னாலும் எனக்கு அந்த இரண்டு பூட்டின் மேல்தான் நம்பிக்கை. நல்ல மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இருவரையும் ஒன்றாக வரவழைக்கிறது. இந்த நாட்டில் அந்த மாதிரி பூட்டுகள் இன்னும் நிறைய வேண்டும்.

கொலம்பஸ், ஒஹாயோ (தொடங்கியவர்)

டேட்டன் அக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன். எங்கள் கவுண்டியிலும் வாக்குச்சாவடிக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு விண்ணப்பம் அச்செடுத்து, நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "உங்கள் ஆள்களோடு சேர்ந்தா?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் சட்டம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார், "உன் மகள் எந்தக் காலேஜில் சேர்ந்தாள்?"