வருகிற சனிக்கிழமை கடவாய்ப் பல் எடுக்கிறார்கள், எப்படி இருக்கும்?

பல்வலிக்காரன்:
கீழே இடது பக்கக் கடவாய்ப் பல். இரண்டு வருடம் முன்னால் சொத்தையை அடைத்தது, அடைப்பு விழுந்ததும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன், போன வாரம் பட்டாணி கடிக்கும்போது பாதிப் பல் கையோடு வந்துவிட்டது. ரூட் கெனால் செய்தாலும் மேலே கேப் பிடித்து நிற்க ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் என்று எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிறார். எனக்கு 41 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். ஊசிக்குப் பயமில்லை, அந்தக் குறடை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியுமா? அம்மா வேறு, பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கிவிடும் என்று தினமும் போனில் ஒரு பாட்டம் பாடுகிறார். பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலைமிட்டாய்:
எனக்குத் தை மாதம் இதே பல், வலது பக்கம். உள்ளதைச் சொல்கிறேன், ஊசிதான் வலித்தது, எறும்புக் கடி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், தாடை மூலையில் ஆழமாக ஒரு குத்து, ஆனால் இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது, மருந்தோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருப்பார்கள், அதனால் சிலருக்கு இப்படி இருக்குமாம். கொஞ்ச நேரத்தில் கீழ் உதட்டில் பாதி ஊத்தப்பம் மாதிரி தடித்துவிட்டது என்று தோன்றும், கண்ணாடியில் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஈறைக் குத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்பார். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். எடுத்தவுடனே குறடு வராது. ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒன்றைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் விட்டு நெம்புகிறார்கள். பந்தல்கால் பிடுங்குவதற்கு முன்னால் நாலு பக்கமும் ஆட்டி இளக்குவோம் இல்லையா, அதேதான். வலி தெரியாது, அழுத்தம் மட்டும் நன்றாகத் தெரியும், தாடையே கழன்று வருகிறதோ என்று நினைத்தேன். அப்புறம் அந்தச் சத்தம்! காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு படக். எலும்பு வழியாகக் காதுக்குப் போவதால் நமக்குத்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்கும், பக்கத்தில் நின்ற நர்சுக்குக் கேட்டிருக்காது. இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது அரை மணி நேரம், அதில் பிடுங்கியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. தட்டில் பார்த்தேன், இரண்டு வேரும் காலை அகட்டிக்கொண்டு கிடந்தது, இவ்வளவு பெரிய சாமானா வாய்க்குள் இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளைக்கோட்டு:
நான் பல் டாக்டர்தான், பதினாறு வருடமாக இதே வேலை. வெறும் வயிற்றோடு வராதீர்கள், இது வாயை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வது. சர்க்கரைக்காரர் பட்டினியோடு, பயத்தோடு வந்து நாற்காலியிலேயே மயங்கி விழுவதை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், காலையில் வழக்கம்போல இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். சமீபத்தில் சர்க்கரை பார்த்த ரிப்போர்ட் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், ஆனால் தாங்களாக நிறுத்தக் கூடாது. எலும்பு தேய்மானத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வயதானவர்களும் சொல்ல வேண்டும், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடும்.

பல்லை எடுத்ததும் குழிமேல் வைக்கிற பஞ்சை அரை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். பேசாதீர்கள், பேசினால் பஞ்சு நகரும். நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல், வாயில் ரத்த ருசி வந்தால் உடனே துப்ப வேண்டும். துப்பத் துப்ப அந்தக் குழியில் உறைந்த ரத்தம் பிய்ந்து வந்துவிடும், திரும்ப ரத்தம் வரும், திரும்பத் துப்புவீர்கள். விழுங்குங்கள், ஒன்றும் ஆகாது. முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் கொப்பளித்தால் போதும். மரப்பு போக இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும், அதுவரை மெல்லாதீர்கள், உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

அம்மாவிடம் சொல்லுங்கள், பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பொதுவாக வயதான காலத்தில்தான் பல்லும் விழுகிறது, கண்ணும் மங்குகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

நைட்ஷிப்ட்:
டாக்டர் சொன்னதைக் கேட்காதவன் கதை இது. மறுநாளே டீக்கடையில் சிகரெட் பற்றவைத்தேன். இரண்டு நாள் ஜம்மென்று இருந்தது, மூன்றாம் நாள் ராத்திரி காது வரைக்கும் இழுக்கிற மாதிரி ஒரு வலி, பல் இருந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. வாயில் நாற்றம் வேறு. டார்ச் அடித்துப் பார்த்தால் குழி காலியாக, வெளிறிப்போய் இருந்தது. ட்ரை சாக்கெட் என்றார்கள், ரத்தக்கட்டி போய்விட்டதால் எலும்பு திறந்து கிடக்கிறதாம். கழுவி மருந்து வைத்தார்கள், அதற்காக மூன்று தடவை நடந்தேன். நடுவில் வீட்டுச் சொல் கேட்டுக் கிராம்பை நசுக்கிக் குழிக்குள் திணித்ததற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

பல்வலிக்காரன்:
சனிக்கிழமை முடிந்தது, இன்று செவ்வாய். கடலைமிட்டாய் அண்ணா, அந்தப் படக் சத்தத்தை முன்னாலேயே சொன்னதற்கு நன்றி, இல்லையென்றால் தாடை போய்விட்டது என்றே நினைத்திருப்பேன். வேர் ஒன்று வளைந்திருந்ததால் பல்லை இரண்டாக அறுத்து எடுத்தார், இரண்டு தையல். வீக்கம் மறுநாள்தான் அதிகமாக இருந்தது, கன்னத்தில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி. முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், அப்புறம் குழைந்த ரசம் சாதம். நேற்று வேலைக்குப் போனேன், போயிருக்க வேண்டாம், மூன்று மணிக்கே கிளம்பி வந்துவிட்டேன். இன்று பரவாயில்லை. நாக்குதான் சும்மா இருக்க மாட்டேன் என்று அந்தக் குழியையே போய்த் தடவுகிறது.

கண் விஷயம்: வீடியோ காலில் காலண்டரின் பின்பக்கப் பொடி எழுத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உடனே தெரியாதுடா" என்கிறார்.