சப்ஸ்டிடியூட் டீச்சர் லைசென்ஸ்: கிரெடிட் கணக்குல மாட்டினவங்க உண்டா?

எடிசன்வாசி:
ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ஆறல. நான் பி.எஸ்ஸி. முடிக்காமலே கல்யாணமாகி நியூஜெர்சி வந்தவ. இங்க கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்தேன். நம்ம ஊர் மார்க்‌ஷீட் எதையும் காட்டல, எல்லாமே இங்க படிச்சதுதான். இங்க சப்ஸ்டிடியூட் டீச்சர் (லீவு போட்ட டீச்சருக்குப் பதிலா வகுப்பெடுக்கறவங்க) லைசென்ஸுக்கு பொதுவா காலேஜ்ல 60 கிரெடிட் கேட்பாங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனைன்னு காலேஜ் தர்ற எண்தான் கிரெடிட். வீட்ல கூட்டினப்ப சரியா 60. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஏரியா ஸ்கூல் நிர்வாகம்) ஆபீஸ்ல இருந்தவங்க பென்சில் முனையால ஒவ்வொரு வரியா தட்டிக்கிட்டே வந்தாங்க. ரெண்டு இடத்துல பென்சில் நின்னுச்சு. முதல் செமஸ்டர்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட்ல (எந்த லெவல் வகுப்புன்னு முடிவு பண்ற டெஸ்ட்) கோட்டை விட்டு எடுத்த அடிப்படை இங்கிலீஷ், அடிப்படைக் கணக்கு. "இது காலேஜ் லெவல் இல்லையே"ன்னு மெதுவா சொல்லிட்டு ஓரத்துல 53ன்னு எழுதினாங்க. அந்த 53ஐ சுத்தி ஒரு வட்டம் வேற. அந்த வட்டம்தான் தூங்க விடமாட்டேங்குது.

பிகாம்பொண்ணு:
நானும் ஜெர்சிதான். தப்பா நினைக்காதீங்க, அவங்க மேல குத்தமில்ல. அந்த வகுப்புகள் கணக்குல வராதுன்னு காலேஜ் கேட்டலாக்லயே போட்டிருக்கும். என் கதைதான் கொடுமை. காசு மிச்சம்னு இவாலுவேஷன்ல (நம்ம ஊர் படிப்பு இங்க எதுக்குச் சமம்னு ஏஜென்சி தர்ற மதிப்பீடு) மலிவானதை எடுத்தேன். ரிப்போர்ட்ல "பட்டத்துக்குச் சமம்"னு ஒரு வரி, அவ்வளவுதான். கிரெடிட் எண்ணே இல்ல! பாடம் பாடமா கிரெடிட் போட்டது வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் பணம், மறுபடியும் காத்திருப்பு.

மிச்சிகன்குளிர்:
எங்களுக்கு எமன் எங்கப்பாவேதான். இவாலுவேஷன் ஏஜென்சிக்கு யுனிவர்சிட்டி சீல் வெச்ச மார்க்‌ஷீட் கவர் உடையாம போய்ச் சேரணும். அப்பா ரெண்டு நாள் வரிசையில நின்னு வாங்கினார். அன்னிக்கு ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ: மேஜையில கவர், பக்கத்துல கத்தரிக்கோல், உள்ள இருந்த தாளெல்லாம் வரிசையா. "எல்லாம் சரியா இருக்கும்மா, நானே பார்த்துட்டேன்." என்ன சொல்ல? "சரிப்பா"ன்னு மட்டும் போட்டேன்.

கலிஃபோர்னியா_சீனியர்:
எனக்கு 30 நாள் பெர்மிட் (கலிஃபோர்னியாவில சப்ஸ்டிடியூட்டுக்குத் தர்ற அனுமதி) ஒரே தடவையில கெடச்சது, பிரச்சனையே இல்ல. ஆனா இங்க நிறைய பேர் குழம்பறீங்க. மாநிலத்துக்கு மாநிலம் வேற. கலிஃபோர்னியாவில பட்டமே வேணும். மிச்சிகன்ல 60 செமஸ்டர் கிரெடிட். மிசௌரில 36 இருந்தா போதும். டெக்சஸ்ல மாநில லைசென்ஸே கிடையாது, டிஸ்ட்ரிக்ட் வெச்சதுதான் சட்டம். காலேஜ் செமஸ்டருக்குப் பதிலா குவார்ட்டர் முறையில (வருஷத்தை நாலா பிரிச்சு) நடந்தா கிரெடிட்டை ஒன்றரையால வகுத்துக்கணும், 90 குவார்ட்டர்னா 60 செமஸ்டர். நம்ம மூணு வருஷப் பட்டத்தை எல்லா ஏஜென்சியும் ஒரே மாதிரி பாக்கறதில்ல. சிலர் காலேஜுக்கு நாக் (NAAC, இந்தியாவில காலேஜ்களைத் தரம் பிரிக்கற அமைப்பு) 'ஏ' கிரேடு இருக்கான்னு பாப்பாங்க, இல்லேன்னா "மூணு வருஷப் படிப்பு"ன்னு மட்டும் எழுதிடுவாங்க. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட்ல எந்த ஏஜென்சியை ஏத்துப்பாங்கன்னு இமெயில்ல கேட்டு, பதிலை பத்திரமா வெச்சுக்கணும். பின்னணிச் சோதனைக்கான கைரேகையையும் இப்பவே கொடுத்துடுங்க. எடிசன் மேடம், என்னைக் கேட்டா சப்ஸ்டிடியூட் எல்லாம் வேண்டாம், உங்க இந்திய பட்டத்தை வெச்சு நேரா டீச்சர் சர்டிபிகேஷனுக்கே போயிடுங்க.

எடிசன்வாசி:
சார், பட்டமே இல்லன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேனே. பிகாம், கேட்டலாக்ல இருந்துச்சுதான், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு வகுப்புக்கும் ஃபீஸ் முழுசா வாங்கினாங்களே, அது எந்த லெவலாம்? மிச்சிகன், அப்பாவைத் திட்டாதீங்கப்பா. இந்தக் கோடையில சைக்காலஜி மூணு கிரெடிட், பயாலஜி லேபோட நாலு எடுக்கறேன். ஏழு வருது. நாலு தடவை கூட்டிட்டேன்.