மறுமொழி: ‘மின்வழங்கி’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

அக்காவுக்கும் குழும அன்பர்களுக்கும் கோலாலம்பூர், செந்தூலிலிருந்து வணக்கம்.

வீட்டுக் கணினி வாங்கும் பெற்றோருக்காக அக்கா எழுதிவரும் கையேட்டின் வரைவைப் படித்தேன். தாய்ப்பலகை (மதர்போர்டு), நினைவகம், வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் பவர் சப்ளையை ‘மின்வழங்கி’ என்ற இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன்.

வழங்கி என்ற சொல்லை நாம் ஏற்கெனவே செர்வருக்குக் கொடுத்துவிட்டோம். அதன் முன்னால் ‘மின்’ சேர்ந்தால், மின்னஞ்சல், மின்னூல், மின்வணிகம் என்று படித்துப் பழகிய கண் அதையும் அந்த வரிசையில்தான் உட்காரவைக்கும். கணினியின் முதுகில் கறுப்புக் கம்பி செருகும் அந்தக் கனத்த இரும்புப் பெட்டி யார் நினைவுக்கும் வராது. ‘செயலி’ என்ற ஒரே சொல்லைப் பிராசசருக்கும் கைப்பேசி ஆப்புக்கும் கொடுத்துவிட்டு இன்றுவரை திண்டாடுவது போதாதா? (ஆப்பு என்று எழுதும்போதே கை கூசுகிறது.)

சரி, ‘மின்’னில் தொடங்கும் வேறு சொல் ஆகுமா என்று பார்த்தால், மாலை ஆறு மணி எல்.ஆர்.டி. ரயில்தான், ஓர் இருக்கைகூடக் காலியில்லை. மின்மாற்றி, மின்னாக்கி, மின்தேக்கி, மின்னேற்றி எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ‘மின்னூட்டி’ ஆசை காட்டியது. ஆனால் மின்னூட்டம் என்பது இயற்பியல் பாடநூலில் ‘சார்ஜ்’ என்ற வேறு பொருளில் உட்கார்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு என் தங்கை, “நீலகிரியில் இருக்கிறதே, அதுவா?” என்கிறாள்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். அந்தப் பெட்டி உண்மையில் மின்சாரத்தை ‘வழங்குகிறதா’? வழங்குவது சுவரில் இருக்கும் மூன்று முனைப் பிளக்கு. அங்கிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். கணினிக்குள் இருக்கும் எதுவும் அதை அப்படியே உண்ணாது. பெட்டி அதை நேர்மின்சாரமாக்கி, 12, 5, 3.3 வோல்ட் என மூன்று பதத்தில் பிரித்துக் கொடுக்கிறது. வரைகலை அட்டைக்கும் விசிறிக்கும் 12. யூஎஸ்பி துளைக்கு 5. விரல் அகலமே இருக்கும் எம்.2 சேமிப்பகத்துக்கு 3.3. பிராசசருக்குப் போகும் 12 வோல்ட்டைத் தாய்ப்பலகை இன்னும் மசித்து ஏறத்தாழ ஒரு வோல்ட்டாக்கித் தருகிறது. வீட்டில் குழந்தைக்குக் குழைந்த சோறு, தாத்தாவுக்குக் கஞ்சி, தம்பிக்கு நாசி லெமாக் என்று ஒரே அடுப்பில் மூன்று பக்குவம் பார்க்கும் பாட்டியின் வேலை இது.

அந்தப் பக்குவம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன். பழைய பெட்டிகளின் பின்புறத்தில் ஒரு சிறிய சிவப்பு நகர்த்தி இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. எதையோ துடைக்கப்போய் என் விரல் பட்டு அது 115-க்கு நகர்ந்துவிட்டிருக்கிறது. சுவிட்சைத் தட்டினேன். தீபாவளி வெடியேதான். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகள் வெடித்து, கருகிய மீன் போல ஒரு நாற்றம். அது அறையைவிட்டுப் போக இரண்டு நாள் ஆனது. 115 என்று வைத்தால் உள்ளிருக்கும் சுற்று வந்த மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். நம் நாட்டு 230-ஐ இரட்டித்தால் எந்த மின்தேக்கி தாங்கும்? இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் அந்த நகர்த்தி இல்லை, தாமாகவே கண்டுகொள்கின்றன.

மலாய்க்காரர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்? பெக்காலான் குவாசா. பெக்கால் என்றால் என்னவென்று இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கேட்டால் தெரியும்: வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு. தாய்ப்பலகைக்கு அவர்கள் வைத்த பாப்பான் இண்டோக்கிலும் தாய்க்கோழியின் ‘இண்டோக்’ இருக்கிறது. ஆக, தாயும் சோறும் அந்த மொழியில் முன்பே கூடிவிட்டன.

ஆகவே என் முன்மொழிவு: ஊட்டுப்பெட்டி. ‘மின்’ வேண்டாம். கணினிக்குள் எல்லாமே மின்சாரத்தில்தான் ஓடுகிறது; தனியே சொல்வானேன்? ஊட்டுவது என்றால் உண்பவரின் அளவறிந்து கொடுப்பது. அந்த ‘அளவறிந்து’ என்பதுதான் வழங்கியில் இல்லாமல் போனது.

இவ்வளவு வம்பு எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் மாமா மகனுக்குக் கணினி சேர்க்க, கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா போயிருந்தோம். வரைகலை அட்டைக்கு மட்டும் அவன் ஒன்றரை மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினான். இந்தப் பெட்டிக்கு வந்தபோது, “ஏதோ ஒரு 500 வாட் போதும்” என்றான். கடைக்காரர் நீட்டியதன் அட்டையில் 500 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கவாட்டு ஒட்டுத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட் வரிசையில் 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட்தான். இன்றைய கணினியில் பெருந்தீனி தின்பவை இரண்டும், அதாவது பிராசசரும் வரைகலை அட்டையும், 12 வோல்ட்டில்தான் உண்கின்றன. மிச்சம் 200 வாட் யாரும் உட்காராத பந்தியில் போட்ட இலை.

வீண் சூட்டையும் கையேட்டில் சொல்லவேண்டும். உள்ளே 270 வாட் தேவை என்று வையுங்கள். 90 விழுக்காடு திறனுள்ள ஊட்டுப்பெட்டி சுவரிலிருந்து 300 வாட் இழுக்கும். 30 வாட் சூடாகிப் போகும். 75 விழுக்காட்டுப் பெட்டியோ 360 இழுத்து, 90 வாட்டைச் சூடாக்கி அறைக்குள் ஊதும். நம் ஊர் வெக்கையில் இது வேறா? 2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ சான்றிதழின் வெண்கலம், தங்கம் என்ற தரங்கள் அளப்பது இந்தத் திறனைத்தான். பெட்டி இடிமின்னலைத் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி இறங்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே மேல்.

அக்காவின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

பட்டர்வொர்த்திலிருந்து:

தம்பிக்கு வணக்கம். பாட்டி உவமையை அப்படியே கையேட்டில் எடுத்துக்கொள்கிறேன். ‘ஊட்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘பெட்டி’தான் உறுத்துகிறது. கேசிங்கைக் கணினிப் பெட்டி என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். பெட்டிக்குள் பெட்டி என்றால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா?

இன்னொன்று. இந்தப் பக்கம் பல வீடுகளில் அம்மாவோ அத்தையோ பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். இன்டெல் அங்கே 1972-இலேயே வந்துவிட்டது. சிப்பு, போர்டு, டெஸ்டிங் என்றுதான் அவர்கள் வாயில் வரும். ‘பவர் சப்ளை’யும் அப்படியே. நம் சொல்லைப் பார்த்து அவர்கள் சிரிக்கக்கூடாது. எனக்கு அதுதான் பயம்.

இன்று ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொல்லிப்பார்த்தேன். “ஊட்டுப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஊட்டும்” என்றதும் ஒரு பையன் எழுந்து, “அப்படியென்றால் தாய்ப்பலகைக்கு வாய் எங்கே டீச்சர்?” என்றான். பழைய பலகை ஒன்று மேசையில் இருந்தது. ஓரத்தில் இருக்கும் 24 துளை நீளச் செருகுமிடத்தைக் காட்டினேன். எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

*

செந்தூலிலிருந்து:

அக்கா, கேசிங்கைக் ‘கூடு’ என்று மாற்றிவிடுங்கள். பெட்டி நமக்குக் கிடைத்துவிடும். கணினிக்கூடு என்பது கேட்கவும் நன்றாக இருக்கிறது. அத்தைமார் சிரித்தால் சிரிக்கட்டும். கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் “பவர் சப்ளை எனப்படும் ஊட்டுப்பெட்டி” என்று போட்டுவிட்டு, பிறகு தமிழிலேயே போங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அதோடு வேண்டும்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஊட்டுப்பெட்டியைத் திருகு கழற்றி யாரும் திறக்கவேண்டாம்; கெட்டால் முழுதாக மாற்றிக்கொள்ளட்டும்.

அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். செருகுமிடத்துக்கு நான் ‘மின் இணைப்பு முனையம்’ என்று நாலு முழத்துக்கு எழுதிவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். தாய்ப்பலகையின் நீளச் செருகுமிடம் 24 ஊசி ஊட்டுவாய். பிராசசருக்கு அருகில் இருப்பது எட்டு ஊசி ஊட்டுவாய். வரைகலை அட்டையில் இருப்பதையும் அப்படியே அழைக்கலாம். பட்டியலில் சேர்த்துவிட்டேன், மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.